இரும்பைக் குப்பை என்று சொன்னது யார்?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்தான். மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிகள் மட்டுமாவது பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன சித்திரையில் ஒருநாள் காலையில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். அருப்புக்கோட்டையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். கையில் நீளமான அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே மெட்டல் டிடெக்டர். ஆன்லைனில் பதினாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

"சார், இது இரும்பைத் தள்ளிட்டு காசை மட்டும் காட்டுமாம் சார். வீடியோவுல பாத்தேன். நீங்க சயின்ஸ் சார்ல, ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

எங்கே தேடப் போகிறாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். அவன் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே ஒரு மேடு இருக்கிறது. ஊரில் ஓட்டாஞ்சல்லி மேடு என்பார்கள். மழை பெய்தால் கருப்பும் சிவப்புமான பானை ஓடுகள் மேலே வந்து கிடக்கும். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். காரணம் பதிவைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

திட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் முப்பத்தி மூன்று வருடம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவனிடம் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவன் கருவியோடு வந்து நிற்கிறான். சோதிக்காமல் கருத்துச் சொன்னால் நான் பாடம் நடத்தியதற்கே அர்த்தம் இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்றேன்.

முதல் தப்பை நான்தான் செய்தேன். வீட்டு முற்றத்திலேயே ஆரம்பித்தேன். சிமெண்ட் தளத்துக்குக் கீழே கம்பி கட்டியிருப்பதை மறந்துவிட்டேன். கருவி ஓயாமல் கத்தியது. மறுநாள் எங்கள் புஞ்சைக்குப் போனோம். கோடை உழவு முடிந்த கரிசல். ஒரு மூலையில் முதலில் கருவியை ஓட்டி, அங்கே கிடந்த கம்பித் துண்டு, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, சுத்தமான ஒரு பாத்தி அளவு இடத்தைச் சோதனைக்கு வைத்துக்கொண்டோம்.

அம்மா பெட்டியில் இருந்த பழைய காசுகளைக் கொண்டுபோயிருந்தேன். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெண்கலக் காலணா ஒன்று. யுத்த காலத்தில் வந்த ஓட்டைக் காலணா ஒன்று. புலி போட்ட 1947 ஆம் வருடத்து ஒரு ரூபாய். அலுமினியப் பத்துப் பைசா. இப்போது புழங்கும் ஒரு ரூபாய், பத்து ரூபாய். குப்பைக்கு மூன்றங்குல ஆணி நான்கு, மாட்டு லாடம், லாட ஆணி, கட்டுக்கம்பி, துருப்பிடித்த சோடா மூடி, உடைந்த கொழு நுனி, மாத்திரை அட்டை. வீட்டம்மா சும்மா இருக்காமல் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்து, "இதையும் கேளுங்க" என்றார்.

மேல்நாடுகளில் இந்தக் கருவி வைத்திருப்பவர்கள் ஆணிப் பலகைச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஒரு பலகையில் நாலைந்து ஆணிகளை வைத்து, நடுவே ஒரு காசை வைத்து, வெவ்வேறு திசையில் கருவியை வீசிப் பார்ப்பது. அதையேதான் நாங்களும் செய்தோம். இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் பத்துப் பத்து வீச்சு. தம்பி வீசினான், நான் நோட்டில் குறித்தேன்.

காலணா தனியாகக் கிடந்தபோது பத்துக்குப் பத்து. தெளிவான மணிச் சத்தம். தம்பி முகத்தில் வெளிச்சம். ஆணிகளுக்கு நடுவே வைத்தோம். கிழக்கு மேற்காக வீசினால் எட்டுத் தடவை சொன்னது. அதே இடத்தில் வடக்குத் தெற்காக வீசினால் மூன்று தடவைதான். ஒரு ஆணியைக் காசுக்கு நேர் மேலே வைத்தோம். இரண்டு திசையிலும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. லாடத்துக்குக் கீழே வைத்தோம். அதுவும் பூஜ்யம்.

அடுத்து சோடா மூடி. இரும்புத் தகடு, ஒதுக்க வேண்டியது. பத்தில் ஏழு தடவை காசு என்று சாதித்தது. மாத்திரை அட்டை பத்துக்குப் பத்து நல்ல உலோகம். மூக்குத்தியைக் கருவி கண்டுகொள்ளவே இல்லை. "பதினாலாயிரத்துக்கு வாங்குன மிஷினுக்கு என் மூக்குத்தி கண்ணுல படலையாக்கும்" என்று வீட்டம்மா அதை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அன்றைக்கு எனக்கே வியப்பாக இருந்தது இப்போது புழங்கும் ஒரு ரூபாய்தான். பத்து வீச்சில் எட்டில் ஊமை. இரண்டில் மட்டும் ஏதோ முனகல். பத்து ரூபாயை உடனே சொன்ன கருவி, ஒரு ரூபாயைக் குப்பையில் தள்ளியது. தம்பி காசை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். பட்டறையில் இருந்து கொண்டுவந்த காந்தத்தை அதன் பக்கம் நீட்டச் சொன்னேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

நம் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகில் அடிக்கப்படுகிறது. அதில் 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். 1947 ஆம் வருடத்து ரூபாயும் காந்தத்தில் ஒட்டியது. அது நிக்கல். நிக்கலும் இரும்பைப் போலக் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். ஆக, காசையும் இரும்பையும் பிரிக்கிறேன் என்று சொல்லும் கருவியிடம் நம் காசையே கொடுத்தால், இது இரும்புக் குப்பை என்கிறது. அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

இது ஒரு கருவி, ஒரு மண், ஒரு நாள் சோதனை. இதைவிட விலை கூடிய கருவி இதைவிட நன்றாகச் செய்யலாம். அதனால் எண்களைவிடக் காரணத்தைப் புரிந்துகொள்வது முக்கியம்.

பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் படித்திருப்பீர்கள். 1831 இல் பாரடே கண்டுபிடித்தது. கருவியின் அடியில் உள்ள வட்டத்துக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இறங்குகிறது. வழியில் ஒரு செம்புக் காசு இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது கொஞ்சம் தாமதமாக வரும். நன்றாக மின்சாரம் கடத்தும் தடித்த காசு என்றால் தாமதம் ஒருவிதம், மெல்லிய தகடு என்றால் இன்னொருவிதம். இரும்பு, காந்தப்புலத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதன் பதில் வேறு மாதிரி. கருவி அளப்பது இந்தத் தாமதத்தையும் பலத்தையும்தான். அது காசைப் பார்ப்பதில்லை, தலையா பூவா என்று அதற்குத் தெரியாது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்காமல் பெயர் வாசிக்கிறேன். "உள்ளேன் ஐயா" என்ற குரலை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் கட்டைக் குரல்காரன் ஒருவனும் கீச்சுக் குரல்காரன் ஒருவனும் ஒரே நேரத்தில் சொன்னால்? கட்டைக் குரல்தான் கேட்கும். மற்றவனுக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவேன். ஆணிக்கு அடியில் இருந்த காலணாவுக்கு நடந்தது அதுதான். சோடா மூடி தட்டையான வட்டம். அதில் சுழல் மின்னோட்டம் தாராளமாக ஓடும். அது குரலை மாற்றிப் பேசும் பையன்.

இந்தத் தொல்லை கருவி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் போன குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், தூண்டல் முறையில் ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு போனார். கட்டிலில் படுத்திருந்தவர் மேல் நகர்த்தினால் எங்கு பார்த்தாலும் சத்தம். மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு மருத்துவர் வலது பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கம். செப்டம்பரில் கார்பீல்டு இறந்துபோனார். இரும்புக்கு நடுவே ஈயத்தைத் தேடும் கஷ்டம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இதுவரை சொன்னது கருவியின் திறமை பற்றி. என் உண்மையான வாதம் இனிமேல்தான்.

இரும்பு குப்பை, காசு புதையல் என்று முடிவு செய்தது யார்? இந்த வசதியை உருவாக்கிய நாடுகளில் பழைய மரவீடுகளின் ஆணியும் தகரமும் மண்ணெல்லாம் கிடக்கும். தேடுபவருக்கு வேண்டியது காசு. அவர்களுக்கு அந்தப் பிரிவினை சரியாக இருக்கலாம். நம் வானம் பார்த்த பூமியில் அது சரியா?

சோதனை முடிந்த பிறகு தம்பியிடம் ஒன்று சொன்னேன். இரும்பு ஒதுக்கும் வசதியை அணைத்துவிட்டு இந்தப் புஞ்சையில் ஒரு குறுக்கம் நடந்து பார்ப்போம். எங்கள் சொந்த நிலம், உழுத மண், கலப்பை ஏற்கெனவே புரட்டிப் போட்ட ஆழத்துக்குள் மட்டும்தான் கை வைப்பது. மூன்று மணி நேரத்தில் ஒரு சிமெண்ட் சாக்கில் பாதி சேர்ந்தது. லாடங்கள், லாட ஆணிகள், வண்டிக் கடையாணி ஒன்று, தேய்ந்த கொழு, பண்ணரிவாள் முனை, களைக்கொத்தி, கமலைச் சால் தகரம், டிராக்டர் போல்ட், கட்டுக்கம்பி. காசு ஒன்றுகூட இல்லை.

சாக்கைக் கொட்டிப் பார்த்தபோது எங்கள் அப்பா காலமும் தாத்தா காலமும் கண் முன்னால் கிடந்தன. எந்த மூலையில் கமலை ஓடியது என்பது தகரம் கிடந்த இடத்தில் தெரிந்தது. வண்டிப் பாதை முன்பு வடக்கே போனது என்று அப்பா சொல்வார். லாட ஆணிகள் வரிசையாக அந்தப் பக்கம்தான் கிடைத்தன. ஏழை சம்சாரி காட்டில் காசைச் சிந்துவதில்லை. அவன் சிந்தியது இரும்பைத்தான். கருவி குப்பை என்று வாயை மூடிக்கொண்ட ஒவ்வொன்றும் அவன் பிழைப்பு.

இது நூறு வருடக் கதை. இன்னும் பின்னால் போவோம். 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு ஒரு ஆய்வறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் பொதுக்காலத்துக்கு முன் 3345 வரை போகிறது என்று அறிவித்தார்கள். பீட்டா அனலிட்டிக், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் ஆகிய இடங்களில் மாதிரிகளைச் சோதித்தார்கள். இதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். நாடே திரும்பிப் பார்த்த அந்தப் பொருள் எது? இரும்பு. தம்பியின் கருவியில் ஒதுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு சிவகளையில் நடந்திருந்தால், அது அந்த இரும்பின் மேல் சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலக் கணக்கு எப்படி வந்தது? இரும்போடு கிடந்த கரித்துண்டையும் பானை ஓட்டையும் வைத்து வந்தது. கரிக்கும் ஓட்டுக்கும் எந்த மெட்டல் டிடெக்டரும் சத்தம் போடாது. சத்தம் கேட்ட இடத்தில் கம்பியால் குடைந்து உலோகத்தை மட்டும் உருவி எடுப்பவன், தேதி எழுதிய கடிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டு உறையில் ஒட்டியிருந்த தபால்தலையை மட்டும் எடுத்துப் போகிறான்.

நம் பகுதியில் இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி எங்கும் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறோம். மண் மேலெல்லாம் கரித்தூள். மேட்டில் ஒருவன் ஓரடிக் குழி தோண்டி மூடினால், போன வருட மூட்டத்துக் கரி ஈராயிரம் வருட மண்ணுக்குள் போய்விடும். பிறகு வரும் ஆய்வாளர் அந்தக் கரியை எடுத்துச் சோதித்தால் என்ன தேதி வரும்? குழி சிறியதாக இருக்கலாம். அது கலைத்தது அப்படியேதான் இருக்கும்.

காசுக்கும் இதே கதைதான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சங்க காலக் காசுகள் நிறையக் கிடைத்தன. மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் எல்லாம் நம் வரலாற்றுக்குப் பெரிய ஆதாரம். ஆனால் ஆற்றில் சலித்து எடுத்து, கைமாறி வந்த காசு அதன் மேல் எழுதியிருப்பதை மட்டும்தான் சொல்லும். எந்த வீட்டுத் தரையில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், யார் கையிலிருந்து விழுந்தது என்று சொல்லாது. நம் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அகழாய்வு நடந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, தங்க அணி, இரும்புப் பொருள், செப்புக் காசு எல்லாம் அடுக்கு வாரியாகக் குறித்து எடுத்தார்கள். அதனால்தான் அங்கே சங்கு அறுத்து வளையல் செய்யும் தொழில் நடந்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஒரு வளையல் துண்டு சொன்ன கதை இல்லை அது. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்ததால் வந்த கதை.

இதையெல்லாம் சொன்னபோது தம்பி சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டான். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

"சார், கண்மாயில ஜேசிபி விட்டு ராவும் பகலும் மண்ணு அள்ளுறாங்க. மேட்டோட பாதி லாரியில போயிருச்சு. அவங்கள ஒருத்தரும் கேக்கல. நான் கையளவு குழி தோண்டுனா மட்டும் வரலாறு அழிஞ்சு போச்சுன்னு சொல்றீங்களே சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. ஒரு ஜேசிபி அரை நாளில் அள்ளும் மண்ணில், ஆயிரம் பேர் கருவியோடு ஒரு வருடம் அலைந்தாலும் செய்ய முடியாத அழிவு இருக்கிறது. வண்டல் எடுக்க அனுமதி வாங்கிவிட்டு, கரை தாண்டி மேட்டையும் சேர்த்து வழிக்கும் இடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படித்தவர்கள் நாம் அதைப் பார்த்தும் பார்க்காமல் பஸ்ஸில் போகிறோம். பிறகு வெல்டிங் பட்டறைப் பையனுக்கு மட்டும் புத்தி சொல்கிறோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் பெரிய திருட்டு நடக்கிறது என்பது சின்னத் திருட்டுக்கு அனுமதி ஆகாது. ஜேசிபிக்காரனுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தவன் கையில்தான் பொறுப்பு அதிகம். இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பலருக்குத் தெரியவில்லை. 1878 ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலம் என்றாலும் இதுதான். மறைத்தால் பங்கு போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. அதே சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நூறு வயதைத் தாண்டிய காசு 1972 ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம். வீடியோ போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. இரிடியம், ரைஸ் புல்லிங் என்று ஏமாந்து நின்றவர்களைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. புதையல் ஆசையை விற்பவனுக்குத்தான் எப்போதும் லாபம்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876 இல் பூர்வகுடிகளுக்கும் ராணுவத்துக்கும் சண்டை நடந்தது. 1983 இல் அங்கே புல்லெல்லாம் தீப்பிடித்து எரிந்து தரை தெரிந்தது. 1984 இல் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் ஓட்டத் தெரிந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்க விட்டார்கள். சத்தம் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் கொடி நட்டார்கள். எடுப்பதற்கு முன் வரைபடத்தில் குறித்தார்கள். தோட்டா, தோட்டாக் கூடு, இரும்பு அம்பு முனை எதையும் ஒதுக்கவில்லை. கடைசியில் எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் 1997 முதல் ஒரு பதிவுத் திட்டம் இருக்கிறது. கருவியோடு அலைபவர்கள் தங்களுக்குக் கிடைத்ததை அந்தந்தப் பகுதி அலுவலரிடம் காட்டி, இடத்தோடு பதிய வைக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. அங்கேயும் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்கள் உண்டு. ஆனால் நேர்மையாக இருக்க நினைப்பவனுக்குப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார்.

நம் தம்பிக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அதுதான் என் முக்கியமான வருத்தம். ஒரு பையன் காட்டில் ஒரு காசையோ இரும்புக் கிட்டத்தையோ பார்க்கிறான். யாரிடம் சொல்வது? சொன்னால் போலீஸ் வந்துவிடுமோ, நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். பேசாமல் பையில் போட்டுக்கொள்கிறான், அல்லது பழைய இரும்புக் கடையில் போடுகிறான். தாலுகாவுக்கு ஒரு நாள், மாதம் ஒரு தடவை, தொல்லியல் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்து, கொண்டுவருவதைப் பார்த்து, இடத்தைக் கேட்டு, ஒரு ரசீது கொடுத்தால் போதும். பள்ளிகளில் இருக்கும் தொல்லியல் மன்றங்களையும் வரலாற்று ஆசிரியர்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். அதோடு, கண்மாய் மண் எடுக்க அனுமதி கொடுக்கும் முன் அந்த இடத்தை ஒருவர் கால்நடையாக ஒரு சுற்றுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைக்கலாம். பானை ஓடு கிடக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். குனிந்து பார்க்கும் கண் போதும்.

அதுவரை, கருவி வாங்கிவிட்ட தம்பிகளுக்கு நான் சொல்வது நான்குதான்.

ஒன்று. பானை ஓடு, தாழி விளிம்பு, கிட்டம், பழைய செங்கல், கல்வெட்டு கிடக்கும் இடத்தில் கருவியை இறக்கவே இறக்காதீர்கள். கோயில், கோட்டை மேடு, கண்மாய்க் கரையும் அப்படித்தான்.

இரண்டு. பழகிக்கொள்ள வேண்டுமானால் வீட்டுத் தோட்டத்தில் நீங்களே காசையும் ஆணியையும் புதைத்து, என்னைப் போல நோட்டுப் போட்டுச் சோதியுங்கள். ஒதுக்கும் வசதியை அணைத்தும் போட்டும் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வீசிப் பாருங்கள். கருவி எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அது சொல்வது புரியும்.

மூன்று. எதிர்பாராமல் ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு. எங்கே கிடைத்தது என்று பொதுவில் போடாதீர்கள். இந்தப் பதிவின் கீழேயும் உங்கள் ஊர் மேட்டின் பெயரை எழுத வேண்டாம். நல்ல எண்ணத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரி, கடப்பாறையோடு வருகிறவனுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடும்.

தம்பி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். கருவியை விற்கவில்லை. கொடுத்த காசு வலிக்கும் அல்லவா. ஆனால் மேட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. போன மாதம் நாங்கள் இருவரும் வெறுங்கையோடு அந்த மேட்டைச் சுற்றி நடந்தோம். லாரி அள்ளியது போக மிச்சமிருக்கும் பாதியில் ஓடுகள் எங்கெங்கே அடர்த்தியாகக் கிடக்கின்றன என்று படம் எடுத்தோம். ஓரிடத்தில் கருப்பாக, நுரைத்தது போல ஓட்டை விழுந்த கட்டிகள் நிறையக் கிடந்தன. நான் குனிவதற்குள் அவனே சொல்லிவிட்டான். "சார், இது உலையில உருகுன கழிவு. எங்க பட்டறைக் கழிவு மாதிரியே இருக்கு."

இரும்புக் கிட்டம்தான். எந்தக் காலத்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். படங்களோடு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்து முதலில் அவனுடையது, அடுத்துதான் என்னுடையது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.